பத்தாம் வகுப்பு, சியர்லீடிங், டோம்பிவிலி–அந்தேரி பயணம்: பேத்திக்கு எதைக் குறைப்பது?

டோம்பிவிலி தாத்தா

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 68. ரயில்வே கணக்குப் பிரிவில் 36 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். 1981இல் பம்பாய்க்கு வந்தபோது மாட்டுங்காவில் நாலு பேர் சேர்ந்து ஒரே அறையில் இருந்தோம். கல்யாணத்துக்குப் பிறகு மும்பை புறநகரான டோம்பிவிலி. இன்றுவரை அதே வீடு.

என் பேத்தி இங்கேயே ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ஏழாம் வகுப்பிலிருந்து சியர்லீடிங் பயிற்சிக்குப் போகிறாள். சியர்லீடிங் என்றதும் நம்மவர்களுக்கு 2008இல் ஐபிஎல் தொடங்கியபோது மைதானத்து ஓரத்தில் மேடை போட்டு ஆடிய பெண்கள்தான் ஞாபகம் வருகிறார்கள். எங்கள் கட்டடத்திலேயே இரண்டு பேர், "பேத்தியை அதுக்கா அனுப்புறீங்க?" என்று என்னிடம் கேட்டுவிட்டார்கள். இது வேறு. இது போட்டி விளையாட்டு. ஒரு அணிக்கு இரண்டரை நிமிடம். அதற்குள் கரணம், குதிப்பு, ஆளை ஆள் தூக்கி நிறுத்தும் ஸ்டண்ட், பிரமிட், நடனம் எல்லாம் வந்தாக வேண்டும். நடுவர்கள் மார்க் போடுவார்கள். இதன் சர்வதேச சங்கத்துக்கு 2021இல் ஒலிம்பிக் கமிட்டி முழு அங்கீகாரம் கொடுத்தது. 1898இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இது ஆரம்பித்தபோது முன்னால் நின்று கோஷம் போட்டவர்கள் ஆண் மாணவர்கள். கேட்கிறவர்களிடம் இதையெல்லாம் பொறுமையாகச் சொல்கிறேன், ஏனென்றால் அவள் காதிலும் அந்தப் பேச்சு விழுகிறது.

அவள் அணியில் 'பேஸ்', அதாவது தூக்குகிறவள். நாலு பேர் ஒரு குழு: இரண்டு பேஸ், பின்னால் நின்று பிடிக்கும் பேக் ஸ்பாட், மேலே ஏறி நிற்கும் ஃப்ளையர். இவர்கள் குழுவின் ஃப்ளையருக்கு 13 வயது, மெல்லிய குழந்தை. அந்தக் குழந்தையின் ஒரு பாதம் என் பேத்தியின் இரண்டு உள்ளங்கையில் இருக்கும். முதலில் நெஞ்சு உயரம், அப்புறம் கையை முழுசாக நீட்டித் தலைக்கு மேலே. இரண்டு வருடமாக அந்த ஹாலில் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறேன். இன்றைக்கும் அவர்கள் தூக்கும்போது என் கை தானாக முன்னால் போகிறது.

ஏன் நான் போகிறேன் என்றால், மகனுக்கு ஐரோலியில் வேலை, மருமகளுக்குத் தாணேயில் பேங்க். இருவரும் வீடு வரவே எட்டு மணி.

இப்போது அவளுடைய நாளைச் சொல்கிறேன். பள்ளி காலை 7.10க்கு. 1.30க்கு விடும். 2 மணிக்கு வீடு, சாப்பாடு, கொஞ்சம் படுக்கை. 3.10க்குக் கிளம்பி ஃபாஸ்ட் லோக்கல் பிடித்து காட்கோபரில் இறங்கி மெட்ரோ. அந்தேரி தாண்டி டி.என். நகரில் இறங்கிப் பத்து நிமிட நடை. பயிற்சி 5 முதல் 7.30 வரை. போகும்போது உட்கார இடம் கிடைத்துவிடும். திரும்பும்போதுதான் கஷ்டம். மெட்ரோவிலிருந்து இறங்குகிற கூட்டமும் தெற்கு மும்பையில் இருக்கும் சி.எஸ்.எம்.டி. முனையத்திலிருந்து நிரம்பி வருகிற வண்டியும் முட்டிக்கொள்கிற இடம் காட்கோபர். அவள் லேடீஸ் பெட்டி, நான் அதை ஒட்டிய பொதுப் பெட்டி. இந்த வண்டியா அடுத்ததா என்று தூரத்திலிருந்தே சைகை காட்டிக்கொள்வோம். சில நாள் மூன்று வண்டியை விட்டு நாலாவதில்தான் ஏற முடிகிறது. வீடு சேர 9.30. குளித்துச் சாப்பிட்டுப் புத்தகத்தை எடுக்க 10.15. படுக்க 12 ஆகிவிடும். காலையில் 5.30க்கு எழுந்தாக வேண்டும்.

ஆறு வாரமாக ஒரு நோட்டில் இதையெல்லாம் எழுதி வருகிறேன். பயிற்சி உள்ள நாளில் வீட்டை விட்டு வெளியே இருப்பது 6 மணி 20 நிமிடம். பயிற்சி அதில் இரண்டரை மணி. மீதி 3 மணி 50 நிமிடம் பயணமும் காத்திருப்பும். செவ்வாய், வியாழன், வெள்ளி மூன்று நாள். ஞாயிறு காலை 8 முதல் 12 வரை வேறொரு பெரிய ஹாலில். ஞாயிற்றுக்கிழமைப் பயணம் 3 மணி. எல்லாம் சேர்த்தால் வாரத்துக்குப் பதினாலரை மணி நேரம் ரயிலுக்கும் மெட்ரோவுக்கும் போகிறது. மழைக்காலத்தில் தண்டவாளத்தில் தண்ணீர் நின்று ஒரு நாள் நாங்கள் வீடு வந்தது இரவு 12.40க்கு. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. சனிக்கிழமை பள்ளி இல்லாததால் வெள்ளி இரவு தப்பிக்கிறது. செவ்வாய், வியாழன் இரண்டு இரவிலும் அவள் தூங்குவது சராசரி 5 மணி 15 நிமிடம்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அது நடந்தது. தலைக்கு மேல் தூக்கும்போது இவள் பக்கம் ஒரு நொடி பின்தங்கியது. ஃப்ளையர் சாய்ந்தாள். பேக் ஸ்பாட் பெண் அவள் இடுப்பைப் பிடித்துவிட்டாள், குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இன்னொரு பேஸ் பெண்ணின் மணிக்கட்டு பிசகி வீங்கிவிட்டது. அன்று திரும்பும்போது இவள் லேடீஸ் பெட்டியில், நான் இந்தப் பக்கம். முகத்தைப் பார்க்க முடியவில்லை. டோம்பிவிலியில் இறங்கியபோது கண் சிவந்திருந்தது. "தாத்தா, நான் ஒரு கவுண்ட் லேட்டாப் பிடிச்சேன்" என்றாள். வீடு வரை வேறெதுவும் பேசவில்லை. நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். முந்தின இரவு அவள் தூங்கியது 4 மணி 45 நிமிடம்.

அரையாண்டுத் தேர்வில் கணக்கு 80க்கு 51. ஒன்பதாம் வகுப்பில் 68 வாங்கியவள். தீபாவளியோடு நிறுத்திவிடலாம் என்கிறார்கள் மகனும் மருமகளும். போட்டி டிசம்பர் இரண்டாவது வாரம். ஜனவரியில் ப்ரீ போர்டு, அதாவது பள்ளியில் வைக்கும் மாதிரித் தேர்வு, பிப்ரவரி நடுவில் போர்டு பொதுத்தேர்வு. அணியில் 16 பேர், நாலு நாலாக நாலு குழு. இவள் விலகினால் 15 பேர் என்று ஆகாது, ஒரு முழுக் குழுவே தூக்க முடியாமல் நிற்கும். அதைச் சொல்லித்தான் அழுகிறாள். தனக்குப் பிடிக்கும் என்பதைவிட மற்ற மூன்று பேர் என்ன ஆவார்கள் என்பதுதான் அவளுக்குப் பெரிதாக இருக்கிறது.

டிசம்பர் போட்டி வரை அவள் போக வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். ஆனால் இப்போது போகிற மாதிரியே போகக் கூடாது, அதுவும் தெரிகிறது. எதைக் குறைக்கலாம்? ரயிலில் படிப்பது உண்மையில் பலன் தருமா? கோச்சிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்பது நியாயமில்லை? இந்த வழியில் போய் வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

செம்பூர் அம்மா

வணக்கம் மாமா. படித்துவிட்டு என் மகன் ஞாபகம் வந்ததால் எழுதுகிறேன். அவன் ஃபுட்பால். பத்தாம் வகுப்பு ஜூன் மாதமே நான் நிறுத்தினேன். வாரத்துக்கு எட்டு மணி நேரம் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டேன். அந்த எட்டு மணி நேரமும் மொபைலில் போயிற்று. மார்க் ஒன்பதாம் வகுப்பில் வந்ததே வந்தது. சாயங்காலம் ஐந்து மணி ஆனால் பால்கனியில் போய் நின்று கீழே விளையாடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். இப்போது நினைத்தாலும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதனால் தீபாவளியோடு நிறுத்துவதை நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் மாமா, ஜனவரி ஒன்றாம் தேதி முதல் போர்டு கடைசிப் பரீட்சை வரை முழுசாக நிறுத்த வேண்டும். வாரம் ஒரு நாள், எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன், அதெல்லாம் வேண்டாம். இதை இப்போதே கோச்சுக்கும் அவளுக்கும் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தாத்தா ஒரு பக்கம், அப்பா அம்மா ஒரு பக்கம் என்று அவள் நடுவில் நிற்கிற மாதிரி ஆகிவிடக் கூடாது. உங்கள் மருமகள் பேங்கில் நாள் முழுக்க இருந்துவிட்டு வந்து மகள் மேஜையில் தலை சாய்த்துத் தூங்குவதைத்தான் பார்க்கிறாள். நீங்கள் ஹாலில் பார்ப்பதை அவள் பார்த்ததில்லை. முதலில் அந்த நோட்டை அவர்கள் இருவரிடமும் கொடுங்கள்.

பேக் ஸ்பாட் 21

தாத்தா, நான் முலுண்ட். இன்ஜினியரிங் கடைசி வருடம். ஸ்கூலிலும் காலேஜிலும் சேர்த்து ஐந்து வருடம் பேக் ஸ்பாட் நின்றேன். உங்கள் வெள்ளிக்கிழமையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் உங்கள் பேத்தியிடம் இதைச் சொல்லுங்கள். அன்று ஸ்டண்ட் சாய்ந்தது அவளுக்குத் திறமை இல்லாததால் நடக்கவில்லை. பேஸ் கை பலத்தால் தூக்குவதில்லை. முழங்காலை மடித்து, மற்ற மூன்று பேரோடும் ஒரே எண்ணில் காலால் எழும்ப வேண்டும். எழும்பிய பிறகு கண் ஃப்ளையரை விட்டு நகரக் கூடாது. தூக்கம் இல்லாதவர்களுக்கு முதலில் போவது இந்த இரண்டும்தான். பலம் அப்படியே இருக்கும், அதனால் 'நான் நல்லாத்தான் இருக்கேன்' என்று தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது. 13 முதல் 18 வயது வரை எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி சொல்கிறது. ஐந்தேகால் மணி நேரத்தோடு இன்னொரு குழந்தையைத் தலைக்கு மேலே தூக்குவது ஆபத்து. அவள் படிப்புக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை தாத்தா, அந்த 13 வயதுப் பெண்ணுக்காகவும் சொல்கிறேன்.

அதனால் கோச்சிடம் முதலில் பேச வேண்டியது லீவைப் பற்றி இல்லை. 'முந்தின நாள் ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்கள் அன்று நெஞ்சு உயரத்துக்கு மேல் தூக்க வேண்டாம், மார்க்கிங் மட்டும் செய்யட்டும்' என்று ஒரு ஏற்பாடு கேளுங்கள். மார்க்கிங் என்றால் தூக்காமல், எண்ணிக்கையும் நிற்கும் இடமும் கை அசைவும் மட்டும் ஓட்டிப் பார்ப்பது. எங்கள் அணியில் இன்னொரு வழக்கமும் இருந்தது. நாலு பேரில் யார் 'டவுன்' என்று சொன்னாலும் உடனே இறக்கிவிட வேண்டும். ஏன் சொன்னாய் என்று அப்புறம் யாரும் கேட்கக் கூடாது. உங்கள் பேத்தி அந்த வார்த்தையைச் சொல்லக் கூச்சப்படுகிறாளா என்று கேட்டுப் பாருங்கள். பேஸ் நிற்கிறவர்கள் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள், தாங்கிப் பார்ப்பார்கள்.

இரண்டாவது, பயிற்சி எந்த வரிசையில் நடக்கிறது என்று பாருங்கள். ஸ்டண்ட் முதல் ஒரு மணி நேரத்தில், உடம்பு புதுசாக இருக்கும்போதே நடக்க வேண்டும். கடைசி அரை மணி, முக்கால் மணி புஷ் அப், ஸ்குவாட், பிளாங்க், ஸ்ட்ரெச்சிங் என்று இருந்தால் அதை வீட்டிலேயே செய்யலாம். செவ்வாய்க்கிழமை மட்டும் 6.50க்குக் கிளம்ப அனுமதி கேளுங்கள். அந்த நேரத்திலும் வண்டியில் கூட்டம்தான், ஆனால் ஒன்பதுக்குள் வீடு வந்துவிடலாம். வீட்டில் செய்ததை எழுதி வைத்துக் காட்டினால் கோச் மறுக்க மாட்டார். நோட்டு எழுதத்தான் நீங்கள் இருக்கிறீர்களே!

மூன்றாவது ரொம்ப முக்கியம். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மாற்று ஆளைத் தயார் செய்யச் சொல்லுங்கள். வேறு குழுவின் பேக் ஸ்பாட் ஒருத்தி பேஸ் வேலையும் பழகிக்கொள்ளலாம். உங்கள் பேத்திக்காக மட்டும் கேட்பதாக நினைக்காதீர்கள். யாருக்கு வேண்டுமானாலும் காய்ச்சல் வரும், மணிக்கட்டு பிசகும். ஆனால் அக்டோபரிலேயே கேட்க வேண்டும். நவம்பர் பாதிக்கு மேல் ஃபார்மேஷன் முடிவாகிவிடும், பிரமிட்டில் யார் எங்கே என்று உறுதியாகிவிடும். அதன் பிறகு ஆளை மாற்றுவது கஷ்டம்.

கேட்கக் கூடாதது என்று பார்த்தால், ஞாயிற்றுக்கிழமை லீவு. போட்டித் தளம் 54 அடிக்கு 42 அடி, ஆறடி அகல மேட் ஒன்பது சேர்த்து விரிப்பது. வாரநாள் ஹாலில் அத்தனை மேட் விரிக்க உங்கள் கோச்சுக்கு இடம் இருக்காது என்று நினைக்கிறேன், அதனால்தான் ஞாயிறு பெரிய ஹால். முழு நிகழ்ச்சியையும் நிறுத்தாமல் ஓட்டிப் பார்க்கிற ஒரே நாள் அது. அதேபோல் போட்டிக்கு முந்தின இரண்டு வாரமும் எதையும் கேட்காதீர்கள். அந்த இரண்டு வாரத்துக்கான பள்ளி வேலையை நவம்பரிலேயே முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ரயிலில் படிப்பு: போகும்போது உட்கார இடம் இருப்பதால் சோஷியல் சயின்ஸ், மொழிப் பாடம் வாசிக்கலாம். கணக்கு வேண்டாம். நான் இரண்டு வருடம் ரயிலில் கணக்குப் போட்டேன். விடை வரும், ஆனால் பரீட்சையில் படி எழுதும்போது பாதி படி காணாமல் போயிருக்கும். வரும்போது ஒன்றுமே வேண்டாம். இடம் கிடைத்தால் தூங்கட்டும், கிடைக்காவிட்டால் சும்மா வரட்டும்.

சாப்பாடு பற்றி நீங்கள் எழுதவே இல்லை. 2 மணிக்குச் சாப்பிட்டவள் 9.30 வரை எப்படி இருக்கிறாள்? 4.45க்கு இரண்டு வாழைப்பழமோ கடலை உருண்டையோ, 7.30க்கு வெளியே வந்ததும் ஏதாவது கெட்டியாக. எங்கள் அம்மா இட்லியில் பொடி தடவி டப்பாவில் கொடுப்பார். மெட்ரோவில் சாப்பிட முடியாது, அதனால் ஹால் வாசலிலேயே நின்று சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவோம். அந்த ஒரு பழக்கத்தில் வீட்டுக்கு வந்ததும் சாப்பிடுகிற அரை மணி நேரம் மிச்சமாகி நேராகப் படுக்கப் போகலாம்.

எனக்குப் பத்தாம் வகுப்பில் 78 சதவீதம் வந்தது. இதையெல்லாம் யாராவது அப்போது சொல்லியிருந்தால் கூட வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதிவிட்டேன்.

மாட்டுங்கா டீச்சர்

ஐயா, வணக்கம். 22 வருடமாகச் சிபிஎஸ்இ பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். 80க்கு 51 என்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஆனால் விடைத்தாளைக் கையில் எடுங்கள். எண்களுக்கு 6, இயற்கணிதம் 20, ஆயத்தொலைவு 6, வடிவியல் 15, முக்கோணவியல் 12, அளவியல் 10, புள்ளியியலும் நிகழ்தகவும் சேர்த்து 11. போர்டில் அந்த 80 இப்படித்தான் பிரிகிறது. விட்டுப்போன 29 மார்க் எந்த எந்தப் பகுதியில் போயிற்று என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். களைத்துப்போன பிள்ளைகளிடம் நான் அடிக்கடிப் பார்ப்பது இது: எல்லாப் பகுதியிலும் கொஞ்சம் கொஞ்சம் போகாது. இரண்டு மூன்று பாடம் நடந்த வாரத்தில் வகுப்பில் கண் சொருகியிருப்பார்கள், அந்தப் பாடம் மொத்தமாக ஓட்டையாக இருக்கும். முக்கோணவியல் அப்படி ஓட்டையாக இருந்தால் அதை வைத்துப் போடுகிற 'உயரமும் தூரமும்' பாடமும் சேர்ந்து போய்விடும். அது இரண்டு சனிக்கிழமை வேலை. புள்ளியியல் இன்னும் சுலபம், ஒரு சனிக்கிழமை போதும்.

அப்புறம், நூறில் 80தான் பரீட்சை. மீதி 20 பள்ளியிலேயே போடுவது. பருவத் தேர்வுக்கு 5, வகுப்பறை மதிப்பீட்டுக்கு 5, போர்ட்ஃபோலியோவுக்கு 5, செய்முறைக்கு 5. விளையாடுகிற பிள்ளைகள் இந்த 20இல்தான் அநியாயமாக இழக்கிறார்கள். நோட்டை ஒரு வாரம் தாமதமாக வைப்பார்கள், ப்ராஜெக்டை அவசரத்தில் முடிப்பார்கள். இதற்குப் புத்தி தேவையில்லை, தேதி ஞாபகம் இருந்தால் போதும். ஐயா, உங்கள் நோட்டில் இன்னொரு பக்கம் ஒதுக்கி எந்தப் பாடத்துக்கு எந்தத் தேதியில் எதைக் கொடுக்க வேண்டும் என்று எழுதிவிடுங்கள். ஐந்து பாடத்துக்கும் சேர்த்தால் இது 100 மார்க்.

வருகையும் கவனம். 75 சதவீதம் கட்டாயம். தேசிய, சர்வதேச விளையாட்டுப் போட்டிக்கு என்றால் உரிய காகிதத்தோடு தளர்வு கேட்கலாம், வாராந்தரப் பயிற்சிக்குக் கிடையாது. 'நேற்று லேட், இன்று ஸ்கூல் வேண்டாம்' என்பது பழக்கமாகிவிட வேண்டாம்.

2026 முதல் பத்தாம் வகுப்புக்கு இரண்டு போர்டு தேர்வு. பிப்ரவரி தேர்வு எல்லோருக்கும் கட்டாயம், மே மாதத்தில் மூன்று பாடம் வரை மறுபடி எழுதி மார்க்கை உயர்த்திக்கொள்ளலாம். இதைப் பேத்தியிடம் சொல்லுங்கள் என்பதுதான் என் எண்ணம். சில ஆசிரியர்கள் சொல்லக் கூடாது, பிள்ளைகள் அலட்சியமாகிவிடுவார்கள் என்பார்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் பேத்தி அலட்சியப்படுகிறவள் இல்லை, பயப்படுகிறவள்.

கல்யாண் லோக்கல்

அண்ணா, 19 வருடமாக நான் இந்த லைனில் போய் வருகிறவன். ஒரே ஒரு யோசனை. காட்கோபர், விக்ரோளி பக்கம் உங்களுக்குச் சொந்தக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா? வியாழன் இரவு மட்டும் அவள் அங்கேயே தங்கிவிட்டால் ராத்திரி நெரிசலே கிடையாது. காலையில் டோம்பிவிலி பக்கம் போகிற வண்டி காலியாக வரும், எல்லோரும் எதிர்ப்பக்கம் போகிற நேரம் அது. ஆறு மணிக்கு முன்னால் ஏறினால் ஸ்லோ வண்டியாக இருந்தாலும் பள்ளிக்கு நேரத்துக்குப் போய்விடலாம், உட்கார்ந்துகொண்டே.

டோம்பிவிலி தாத்தா

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் தனித்தனியாக நன்றி சொல்ல வேண்டும். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

செம்பூர் அம்மா சொன்னபடி முதலில் நோட்டை மகனிடமும் மருமகளிடமும் கொடுத்தேன். மருமகள் ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். வெள்ளிக்கிழமை நடந்ததை நான் அதில் எழுதி வைத்திருந்தேன். அது தன் மகளின் குழுவில் நடந்தது என்று அவளுக்கு அதுவரை தெரியாது, வேறு குழுவில் யாருக்கோ மணிக்கட்டு பிசகியது என்றுதான் நினைத்திருக்கிறாள். மறைத்தது என் தப்பு, அதை அவளிடமே சொன்னேன். அடுத்த ஞாயிறு அவளும் எங்களோடு ஹாலுக்கு வந்தாள். நாலு மணி நேரமும் உட்கார்ந்திருந்தாள். திரும்பும்போது ரயிலில் அம்மாவும் பெண்ணும் லேடீஸ் பெட்டியில் ஒன்றாக வந்தார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. இரவு சாப்பிடும்போது மருமகள், "டிசம்பர் வரைக்கும் போகட்டும் மாமா, ஜனவரி ஒண்ணாம் தேதியிலிருந்து கிடையாது" என்றாள். பேத்தியும் சரி என்றுவிட்டாள்.

கோச் நல்ல மனிதர். ஸ்டண்ட் இப்போது முதல் ஒரு மணி நேரத்தில். குழுவுக்கு ஒரு மாற்று ஆள் என்பதை அவரே யோசித்துக்கொண்டிருந்தாராம், உடனே தொடங்கிவிட்டார். செவ்வாய் 6.50க்குக் கிளம்ப அனுமதி கிடைத்தது. ஆறு மணி நேரத் தூக்க ஏற்பாட்டை எல்லாப் பிள்ளைகளுக்குமே வைத்துவிட்டார். வந்ததும் ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரம் தூங்கினோம் என்று சொல்ல வேண்டும். முதல் நாள் 16 பேரில் ஏழு பேர் ஆறுக்குக் கீழே. மற்ற பெற்றோர்களுக்கும் அன்றுதான் தெரிந்தது.

கல்யாண் லோக்கல் தம்பி, உங்கள் யோசனைதான் எல்லாவற்றையும்விட உதவியது. காட்கோபர் பந்த் நகரில் என் மைத்துனி வீடு இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு தடவை போய் வருகிற வீடு. இது எனக்குத் தோன்றவே இல்லை. கேட்டதும் மைத்துனி, "இதைக் கேக்க இத்தனை நாளா?" என்று கோபித்துக்கொண்டாள். இப்போது வியாழன் 8.30க்குப் பேத்தியை அங்கே விட்டுவிட்டு நான் மட்டும் டோம்பிவிலி வருகிறேன். பத்து மணிக்கு அவள் படுத்துவிடுகிறாள். காலையில் மைத்துனியின் கணவர் ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்து 5.50 வாக்கில் ஏற்றிவிடுகிறார். நான் டோம்பிவிலி பிளாட்பாரத்தில் டிபன் டப்பாவோடு நிற்கிறேன். காலி வண்டியில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து வருகிறாள். இத்தனை வருடத்தில் அவளை அப்படி வண்டியில் பார்த்ததே இல்லை.

நோட்டின்படி செவ்வாய் இரவுத் தூக்கம் இப்போது 6 மணி 30 நிமிடம், வியாழன் 7 மணி. எட்டு இன்னும் வரவில்லை. கணக்கு விடைத்தாளைக் கூட்டிப் பார்த்தோம் டீச்சர், நீங்கள் சொன்னது அப்படியே. போன 29இல் 17 மார்க் முக்கோணவியலும் புள்ளியியலும். புள்ளியியல் முடிந்துவிட்டது, முக்கோணவியல் பாதியில் நிற்கிறது. சோஷியல் சயின்ஸ் நோட்டு இன்னும் இரண்டு பாடம் பாக்கி, அதில் ஒரு ப்ராஜெக்ட் தேதியும் தவறிவிட்டது. அதற்காக மருமகள் சத்தம் போட்டாள், அது நியாயம்தான்.

பேக் ஸ்பாட் அம்மா, உன்னிடம் ஒரு சந்தேகம். மணிக்கட்டு பிசகிய அந்தப் பெண் பத்து நாளில் திரும்பி வந்துவிட்டாள். டேப் சுற்றிக்கொண்டு தூக்குகிறாள். நடுவில் கையை உதறிக்கொள்வதை நான் இரண்டு தடவை பார்த்தேன். அவள் யாரிடமும் சொல்லவில்லை. நான் சொல்லலாமா?

பேக் ஸ்பாட் 21

சொல்லுங்கள் தாத்தா, அடுத்த பயிற்சிக்கு முன்பே. டேப் சுற்றினால் வலி கொஞ்சம் அடங்கும், அவ்வளவுதான். உள்ளே இருக்கிற காயம் அப்படியே இருக்கும். கையை உதறுகிறாள் என்றால் இன்னும் வலிக்கிறது. எலும்பு டாக்டரிடமோ ஃபிசியோவிடமோ காட்டி அவர்கள் சரி என்று சொல்லும் வரை அவள் தூக்கக் கூடாது. கோச்சிடம் நேரடியாகச் சொல்வதற்கு முன்னால் அந்தப் பெண்ணிடம், 'நான் பார்த்தேன்மா, நீயே கோச்சிடம் சொல்கிறாயா, நான் கூட வரட்டுமா' என்று கேளுங்கள். எனக்கு அப்படி ஒருவர் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். மாற்று ஆள் இப்போது தயாராகிக்கொண்டிருப்பதால் குழு நிற்காது, அதையும் அவளிடம் சொல்லுங்கள்.

டோம்பிவிலி தாத்தா

நாளை செவ்வாய். நாங்கள் கால் மணி நேரம் முன்னாலேயே போகிறோம். பேத்தியும் என்னோடு வந்து அவளிடம் பேசுகிறேன் என்கிறாள்.